மண் வெட்டும் இயந்திரமும் அதனை இயக்குவோரும்: படம் எடுக்க வேண்டிய முறை

(சிதம்பரத்தில் நடைபெற்ற ஊராட்சிப் பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



ஏரி தூர் வாருதல், வாய்க்கால் வெட்டுதல், கரையைப் பலப்படுத்துதல் ஆகிய வேலைகளைப் பற்றி இம்மேடையில் பலரும் பேசியிருக்கின்றனர். நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அவ்வேலைகளைப் புகைப்படம் எடுக்கும் முறையாகும். படம் எடுப்பது பொழுதுபோக்குத்தானே, அதற்கு ஒரு சொற்பொழிவு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால், மண் வேலை என்பது முடிந்தவுடன் மறைந்து போகும் வேலை. கட்டடம் கட்டினால் சுவர் நின்று சாட்சி சொல்லும். ஏரியில் வெட்டிய பள்ளமோ ஒரு மழையில் நீருக்குள் மூழ்கிவிடும். எவ்வளவு வெட்டினார்கள், யார் வெட்டினார்கள், எதுவரை வெட்டினார்கள் என்பவற்றுக்கு அதன்பின் எஞ்சி நிற்பவை அளவுப் புத்தகமும் படமும் மட்டுமே. ஆகவே, அந்தப் படம் உண்மை பேசுவதாக இருக்க வேண்டியது ஊருக்கு அவசியமாகிறது.

முற்காலத்தில் படம் இல்லை. எனினும் சாட்சி இருந்தது. ஆட்களைக் கொண்டு மண் வெட்டும்போது, பள்ளத்தின் நடுவே ஆங்காங்கே சிறு மண் திட்டுகளை வெட்டாமல் விட்டு வைப்பார்கள். திட்டின் உச்சியில் பழைய தரையின் புல்லும் இருக்கும். அளவெடுக்க வருபவர் அத்திட்டின் உயரத்தை அளந்தால் வெட்டிய ஆழம் தெரிந்துவிடும். அளவு முடிந்து கணக்கு எழுதிய பின்னரே திட்டுகளை அகற்றுவார்கள். இன்று இயந்திரம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வாரிச் செல்கிறது. பழைய திட்டின் வேலையை இன்று படம் செய்ய வேண்டியிருக்கிறது.

நமது பகுதிக்கு மண் வேலை புதிதன்று. காட்டுமன்னார்கோயிலை அடுத்த வீராணம் ஏரி, கி.பி. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அமைந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வந்து அதனை நிரப்புகிறது. 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை நகரத்துக்கும் அங்கிருந்து குடிநீர் செல்கிறது. அத்தனை பெரிய கரையைக் கூடையால் மண் சுமந்து எழுப்பியவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ! ஏரியை வெட்டுவித்த அரசனின் பெயர் நமக்குத் தெரியும். மண் சுமந்த ஒருவரின் முகமும் நமக்குத் தெரியாது. அக்காலத்தில் அதற்கு வழியில்லை. சட்டைப்பையில் கைப்பேசி வைத்திருக்கும் நமக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

இனி, இயந்திரத்துக்கு வருவோம். நாம் ஜே.சி.பி. என்று அழைப்பது, 1945-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொழில் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவரின் பெயரின் முதலெழுத்துகளாகும். பொக்லைன் என்பது பிரான்சு நாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர். எண்ணெயின் அழுத்தத்தால் கை அசைத்து மண் வெட்டும் தனது முதல் இயந்திரத்தை அக்கம்பெனி 1951-ஆம் ஆண்டில் செய்தது. இன்று எந்தக் கம்பெனி செய்த வண்டியானாலும் நமது ஊர்களில் அது பொக்லைன்தான். சில இடங்களில் ஹிட்டாச்சி. செய்தவர் பெயர் இவ்வாறு ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது. ஓட்டுபவர் மட்டும் "வண்டிக்காரர்" என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார். படத்திலும் இதே நிலைதான்.

உலகப் புகழ் பெற்ற ஒரு படத்தை இங்குச் சொல்லலாம். பனாமா கால்வாயை வெட்டிக்கொண்டிருந்தபோது, 1906-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவ்வேலையைப் பார்வையிடச் சென்றார். நீராவியால் இயங்கும் பியுசைரஸ் என்னும் பெரிய மண்வெட்டி இயந்திரம் ஒன்றில் ஏறி, வெள்ளை உடையுடன் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். அப்படம் உலகெங்கும் பரவிற்று. அந்த ஆசனத்தில் மழையிலும் சேற்றிலும் நாள்தோறும் அமர்ந்து மண் வெட்டியவர் யார் என்று அதைப் பார்ப்பவர் எவரும் கேட்பதில்லை. அதே கால்வாய்க்கு எர்னெஸ்ட் ஹாலன் என்பவர் 1907-ஆம் ஆண்டு அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். வேலை எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பதைப் படத்தால் பதிவு செய்வது அவர் கடமை. 1914-இல் கால்வாய் திறக்கப்பட்ட பின்னரும் பல ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். அவர் விட்டுச் சென்ற ஆயிரக்கணக்கான படங்களிலிருந்துதான் அவ்வேலை நடந்த விதத்தை இன்றும் அறிந்துகொள்கிறோம். ரூஸ்வெல்ட்டின் படம் விழாப் படம். ஹாலனின் படங்கள் வேலைப் படங்கள். நமது ஊராட்சிகளில் முதல் வகை ஏராளமாக இருக்கிறது. இரண்டாம் வகை அரிதாக இருக்கிறது.

இதனால் விளையும் தீங்கை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். எமது வட்டாரத்தில் ஒரு சிற்றேரி. வாடகைக்கு ஒரு பொக்லைன் அமர்த்தி எட்டு நாள் தூர் வாரினார்கள். வேலை முடிந்த சில நாட்களில், மதகுக்கு வடக்கே ஓரிடத்தில் வண்டலைத் தாண்டி மணல் தெரியும்படி ஆழமாக வெட்டப்பட்டிருப்பதை ஆயக்கட்டுக்காரர்கள் கண்டார்கள். "இயந்திரக்காரன் பணத்துக்கு ஆசைப்பட்டு மணலை வெட்டி விற்றுவிட்டான், மணிக்கணக்கும் பொய்" என்று பேச்சு எழுந்தது. அவர் வெளி மாவட்டத்து இளைஞர். ஊரில் அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. கூலி நிறுத்தப்பட்டது.

படங்களைக் கொண்டுவாருங்கள் என்றோம். தொடக்க விழா அன்று எடுத்தவை இருபதுக்கு மேல் வந்தன. மாலை போட்ட இயந்திரம், தேங்காய் உடைத்த இடம், வரிசையாக நின்ற பிரமுகர்கள் எல்லாம் இருந்தன. ஏரியின் தரையைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. இறுதியில் உதவியது அந்த இளைஞரின் கைப்பேசிதான். அவர் தினந்தோறும் மாலையில் வண்டி முதலாளிக்கு இரண்டு படங்கள் அனுப்பி வந்திருக்கிறார். ஒன்று, வண்டி ஓடிய மணியைக் காட்டும் மீட்டர். மற்றொன்று, அன்றைய தினம் வெட்டிய பள்ளம், பின்னால் மதகு தெரியும்படி. எட்டு நாளுக்கும் எட்டு ஜோடிப் படங்கள். மீட்டர்ப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் மணிக்கணக்கு சரியாக இருந்தது. எட்டாம் நாள் மாலைப் படத்தில் மதகுக்கு வடக்கே தரை சமமாக இருந்தது. அந்த ஆழப் பள்ளம் அதில் இல்லை. அவர் வேலை முடித்துச் சென்ற பின்னர் வேறு எவரோ வெட்டியது என்பது புலனாயிற்று. கூலி கொடுக்கப்பட்டது. பள்ளம் வெட்டியவரைத் தேடும் வேலை வருவாய்த் துறையிடம் சென்றது.

அன்பர்களே, அந்த இளைஞர் படக்கலை பயின்றவர் அல்லர். தம் கூலியைக் காத்துக்கொள்ளும் பொருட்டு எடுத்த படங்கள் ஊரின் ஏரிக்கே சாட்சியாயின. அவ்விரண்டு படங்களில் மீட்டர் இருந்தது, தரை இருந்தது, இடம் மாறாத அடையாளமாக மதகும் இருந்தது. மண் வேலைப் படத்துக்கு வேண்டிய இலக்கணம் இதில் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. அதனைச் சற்று விரித்துக் கூறுவோம்.

முதலாவது, நிற்கும் இடம். வேலைக்கு முன், வேலையின்போது, வேலைக்குப் பின் என மூன்று வேளையும் ஒரே இடத்தில் நின்று ஒரே திசையை நோக்கி எடுக்க வேண்டும். மதகு, பனைமரம், கோயில் கோபுரம் போன்ற நிலையான பொருள் ஒன்று படத்தின் மூலையில் தெரிய வேண்டும். நின்ற இடத்தில் ஒரு கல் நட்டு வைத்தால் அடுத்த ஆண்டும் பயன்படும்.

இரண்டாவது, அளவு. பள்ளத்தை மட்டும் எடுத்தால் அது முழ ஆழமா, ஆள் ஆழமா என்று தெரியாது. அரை மீட்டருக்கு ஒரு நிறமாகச் சிவப்பும் வெள்ளையும் தீட்டிய கோலைப் பள்ளத்தின் அடியில் நிறுத்தி எடுக்க வேண்டும். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் வெட்டினால் 600 கன மீட்டர் மண். ஒரு டிராக்டர் லோடு 3 கன மீட்டர் என்று கொண்டால் 200 லோடு. கோலுடன் எடுத்த படம் இருந்தால் இக்கணக்கைப் பள்ளிப் பிள்ளையும் சரிபார்க்கலாம்.

மூன்றாவது, வெட்டிய முகம். பள்ளத்தின் பக்கச் சுவரைக் கிட்ட நின்று எடுத்தால் மேலே வண்டலும் கீழே வேறு மண்ணும் அடுக்கடுக்காகத் தெரியும். சிதம்பரம், புவனகிரிப் பக்கம் கருத்த களிமண். கடலூருக்கு மேற்கே மேட்டுப் பாங்கில் செம்மண். வண்டல் எங்கே முடிகிறதோ அங்கே இயந்திரத்தின் வேலையும் முடிய வேண்டும். அதற்குக் கீழே உள்ள களி அடுக்கைக் கிழித்து மணலைத் திறந்துவிட்டால் ஏரி நீர் நிற்காது. ஆகவே, வெட்டிய முகத்தின் படம் ஏரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் படமாகும்.

ஏரி, குளங்களில் உள்ள வண்டலையும் களிமண்ணையும் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 இடமளிக்கின்றன. 2017-ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புன்செய்க்கு 90 கன மீட்டரும் எடுக்கலாம் என்றாயிற்று. 2024-ஆம் ஆண்டில் இம்முறை எளிதாக்கப்பட்டு, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற வழி செய்யப்பட்டது. 75 கன மீட்டர் வண்டலை ஓர் ஏக்கரில் பரப்பினால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கனம் வரும். ஏரியில் எடுத்த இடத்தையும் வயலில் பரப்பிய இடத்தையும் விவசாயி படமாக வைத்திருந்தால், பின்னர் எழும் கேள்விக்கு அவர் அஞ்ச வேண்டியதில்லை. அனுமதியின் பேரில் மண்ணை வேறிடத்துக்கு விற்பவருக்கே அப்படம் இடையூறு.

நான்காவது, மனிதர். நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். 1956-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட நிறுவனத்தின் சுரங்க வேலையை 1957-ஆம் ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். 1961-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. அங்கே பல வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கரம் சுழன்று மண்ணை வாரும் இயந்திரங்கள் வேலை செய்கின்றன. தூரத்திலிருந்து படம் எடுத்தால் அவை குழந்தையின் விளையாட்டுப் பொருள் போல் தோன்றும். அருகில் ஓர் ஆள் நிற்கும்போதுதான் அதன் பிரமாண்டம் தெரியும். இயந்திரத்தின் அளவைச் சொல்வதற்கே மனிதர் வேண்டியிருக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

அவ்வியந்திரத்தை ஒருவர் தனித்து இயக்குவதாகவும் எண்ணிவிடக் கூடாது. வாரிய மண்ணைப் பட்டையில் அனுப்புவோர், அதனை மறுமுனையில் பரப்புவோர், நிலக்கரிக்கு அடியில் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் நீரை இரவு பகலாக இறைப்போர் ஆகியோர் இல்லாவிட்டால் சக்கரம் சுழன்று பயனில்லை. நமது சிற்றேரியிலும் இவ்வாறே. ஆபரேட்டர், அவருக்குத் துணை நிற்கும் பையன், டிராக்டர் ஓட்டுநர்கள், கரையில் மண்ணைச் சமன் செய்யும் பெண்கள் ஆகிய அனைவரும் சேர்ந்ததே வேலை. வேலை முடியும் நாளில் அனைவரையும் ஒரு படம் எடுங்கள். அதன் கீழே பெயரை எழுதுங்கள்.

படத்தில் மனிதர் முகம் தெரிவதில் வேறொரு பொறுப்பும் உண்டு. 2023-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்று நீரை மாற்றுவழியில் கொண்டு செல்லும் கால்வாய்க்காகப் பொக்லைன் இயந்திரங்கள் பச்சை நெல் வயலுக்குள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்பது சுரங்க நிறுவனத்தின் கூற்று. பயிர் நிற்கும்போது வெட்டலாமா என்பது விவசாயிகளின் கேள்வி. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்று, பயிருக்காக ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்கும்படி உத்தரவாயிற்று. வழக்கின் வாதங்களுக்குள் நாம் நுழையவில்லை. நாம் கவனிக்க வேண்டியது அப்படங்களின் வலிமையை. கதிர் எந்தப் பருவத்தில் இருந்தது, இயந்திரம் எங்கே நின்றது என்பவற்றை நாட்டின் பல மூலைகளிலும் உள்ளவர்கள் ஒரே நாளில் கண்டார்கள்.

ஆனால், அத்தகைய படங்களில் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் மனிதர் ஒருவரே. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கைப்பிடியை அசைப்பவர். கால்வாய் எங்கே போக வேண்டும், எந்த நாளில் வெட்ட வேண்டும் என்று தீர்மானித்தவர் அவர் அல்லர். அவர் மணிக்கணக்குக் கூலிக்கு வந்தவர். பல சமயம் தாமே விவசாயி மகன். கோபம் கொண்டவர்கள் கையில் அகப்படுபவரும் அவரே. விழாவில் அவர் ஆசனத்தில் வேறொருவர் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார். வம்பு வரும்போது மட்டும் அவர் முகம் படத்தில் வருகிறது. இது நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். குறை சொல்லும் படமாயின், வண்டியின் எண்ணும், இடமும், நாளும் தெரிந்தால் போதும். பெருமை சொல்லும் படமாயின், அவர் சம்மதத்துடன் முகமும் பெயரும் இருக்கட்டும்.

பொய்ப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் பணிகளில், 2016-ஆம் ஆண்டு தொடங்கி இடக் குறிப்புடன் படம் பதிவு செய்யும் முறை வந்தது. 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, நாள்தோறும் இரு வேளை தொழிலாளர்களைப் படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே, வேலைக்குத் தொடர்பில்லாத படங்களும், படத்தையே மீண்டும் படம் எடுத்தவையும் பதிவாகியிருப்பதைச் சுட்டிக்காட்ட நேர்ந்தது. கருவி எவ்வளவு நுட்பமானாலும், கையில் பிடித்திருப்பவர் உள்ளத்தில் நேர்மை இல்லாவிடில் அது பொய்க்கே துணை போகும். இதற்கு மருந்து, படத்தை ஊரார் முன் வைப்பதுதான். கோப்புக்குள் உறங்கும் படத்தில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். கிராம சபையில் காட்டும் படத்தில், "இது நம் ஏரி அல்லவே" என்று ஒரு பாட்டி சொல்லிவிடுவார்.

இனி, உயிர் காக்கும் விஷயம். படம் எடுக்கும் ஆர்வத்தில் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நிற்பவர்களை அடிக்கடி காண்கிறோம். பொக்லைன் தன் உடலோடு சுழலக்கூடியது. அதன் கையை முழுதும் நீட்டிச் சுழற்றினால் எவ்வளவு வட்டமோ, அவ்வட்டத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இயக்குபவருக்குப் பின்புறமும் வலப்புறமும் பெரும்பாலும் தெரியாது. கிட்டச் செல்ல வேண்டுமாயின், அவர் உங்களைப் பார்த்துக் கையசைத்து, வாளியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திய பிறகே செல்ல வேண்டும். புதிதாக வெட்டிய பள்ளத்தின் விளிம்பில் நிற்கக் கூடாது. நனைந்த களிமண் சொல்லாமல் சரியும். மேலே மின்கம்பி இருக்குமிடத்தில் உயர்த்திய கையைப் படம் எடுக்க அவரைக் கேட்கவே கூடாது. சிறுவர்களை வாளிக்குள் உட்காரவைத்துப் படம் எடுக்கும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அதனை இன்றோடு விட்டுவிடும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

காலை ஏழு முதல் ஒன்பது வரையும் மாலை நான்குக்குப் பின்னும் வெயில் சாய்ந்திருக்கும். அப்போது மேடு பள்ளம் நிழலால் நன்கு தெரியும். உச்சி வெயிலில் தரை தட்டையாகத் தோன்றும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். கூண்டின் கண்ணாடி மினுங்கினால் கதவைத் திறக்கச் சொல்லி, இயக்குபவர் கைப்பிடியைப் பிடித்திருக்கும் நிலையில் எடுங்கள். அவர் கேட்டால் அவருக்கும் ஒரு படம் அனுப்புங்கள். மாதக்கணக்கில் வீட்டை விட்டிருப்பவர் அவர். பிள்ளைகளுக்குக் காட்ட அவரிடம் விழாப் படம் இல்லை.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஊராட்சி தோறும் மண் வேலைகளுக்கென்று ஒரு படப் பதிவேடு தொடங்குங்கள். ஒரு வேலைக்கு ஒரு பக்கம் போதும். முன், நடு, பின் என மூன்று படங்கள்; அளவுக்கோலுடன் வெட்டிய முகம் ஒன்று; ஒவ்வொரு நாளும் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த மணி மீட்டர்ப் படங்கள்; வேலை செய்தோர் படம் ஒன்று. நாள், இடம், வண்டி எண், மணிக்கணக்கு, பெயர்கள் ஆகியவற்றை மையினால் எழுதுங்கள். கைப்பேசி பழுதாகும், தாள் இருக்கும். விழாப் படத்தையும் சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

செலவு சிறிது, பயனோ பல தலைமுறைக்கு வரும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஏரியைத் தூர் வாரப்போகும் நமது பேரப்பிள்ளைகள் அப்பதிவேட்டைப் புரட்டுவார்கள். வண்டல் எவ்வளவு இருந்தது, களி எங்கே தொடங்கிற்று, மதகின் அடிமட்டம் எது என்பவற்றை அதில் கண்டு, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள். ஏரியைக் கெடாமல் வெட்டிக் கொடுத்தவரின் பெயரும் அங்கே இருக்கும். வரும் கோடையில் முதல் வாளி மண் எடுப்பதற்கு முன் முதல் படத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.